புது கார்டு, பழைய எஸ்எம்பிஎஸ்: ஆர்டிஎக்ஸ் 3070-உடன் மூன்று வருஷம்

கிராபிக்ஸ் கார்டு மாற்றியதும் சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொன்னால், கேட்கிற எல்லோரும் முதலில் கார்டைத்தான் சந்தேகப்படுவார்கள். என் விஷயத்தில் கார்டின் மேல் கடைசி வரை ஒரு குற்றமும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஆன அலைச்சலையும், அப்புறம் இன்று வரை அதே கார்டில் வேலை பார்த்துவரும் அனுபவத்தையும் எழுதி வைக்கிறேன்.

எனக்கு கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். பெங்களூர் அல்சூரில் வீட்டிலேயே ஒரு அறையில் சிஸ்டம். ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 32 ஜிபி ராம், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி), கூடவே ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த காட்சிக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் அந்தக் கார்டு மூச்சு வாங்கும். கிரிப்டோ நாணயம் தோண்டக் கார்டுகளை வாங்கிக் குவித்த மைனிங் காலத்தில் நல்ல கார்டுகளின் விலை கையைச் சுட்டது. 2022 செப்டம்பரில் இத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றி, கார்டு வைத்து அதைத் தோண்டும் வேலை முடிவுக்கு வந்த பிறகுதான் பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பேரம் பேச முடிந்தது. அந்த வருஷக் கடைசியில் சீல் உடைக்காத 3070 ஒன்றை பில்லோடு வாங்கினேன். செகண்ட் ஹாண்டில் இன்னும் மலிவாகக் கிடைத்தது. மைனிங்கில் இரவும் பகலும் உழைத்த கார்டு எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பழைய கார்டு 125 வாட், புதியது 220 வாட். 3070-க்கு என்விடியா சொல்லும் எஸ்எம்பிஎஸ் அளவு 650 வாட். என்னிடம் இருந்ததும் அதுவே. காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மாட்டிய முதல் வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. ரிசால்வில் ப்ளே அழுத்துகிற நொடியில் திரை கறுத்துவிடும். நீலத் திரை வராது, எச்சரிக்கை வராது. சில நேரம் சிஸ்டம் தானாக எழுந்துவிடும். சில நேரம் கேபினெட்டுக்குப் பின்னால் இருக்கிற சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் எழும். இந்தப் பின்-சுவிட்ச் விஷயத்தைக் கவனித்து வையுங்கள். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டிக்கொண்டால் பெரும்பாலும் இப்படித்தான் பூட்டிக்கொள்ளும்.

அடுத்த துப்பு விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் இருந்தது. ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41 என்று ஒரு சிவப்பு வரி. அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. முறையாக ஷட்டவுன் ஆகாமல் எந்தக் காரணத்தால் அணைந்தாலும் 41 வரும். அதைத் திறந்து டீடெய்ல்ஸ் பகுதியில் பக்செக் கோட் என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே எண் இருந்தால் விண்டோஸ் நிலைகுலைந்து, போவதற்கு முன் காரணத்தைக் குறித்துவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள். எனக்கு எப்போதும் பூஜ்யம். எழுதி வைக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. டிரைவர் கோளாறாக இருந்தால் கதை வேறு: கார்டு இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி கிளப்பிப் பார்க்கும், அந்தச் சுவடு டிரைவரின் பெயரோடு பதிவில் இருக்கும். என் பதிவில் அப்படி எதுவும் இல்லை.

இருந்தாலும் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். சேஃப் மோடில் டிடியு என்ற துடைப்பு மென்பொருளைப் போட்டுப் பழைய டிரைவரைத் துடைத்து, புது ஸ்டுடியோ டிரைவர். ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துப் பார்த்தேன், பயாஸ் அப்டேட் செய்தேன். பலன் இல்லை. வெப்பம் 70 டிகிரியைச் சுற்றியே இருந்தது.

தலையைச் சுற்ற வைத்தது ஃபர்மார்க்தான். கார்டை வறுத்தெடுக்கிற அந்தச் சோதனை மணிக்கணக்கில் ஓடியது, சிஸ்டம் அசையவில்லை. ஆனால் ஒரு தாலி கட்டும் காட்சியை ஓட்டி நிறுத்தி ஓட்டினால் போச்சு. கார்டு வாங்கிய கடையில், 'ஃபர்மார்க் ஓடுது இல்ல, அப்போ ஒரு ப்ராப்ளமும் இல்ல' என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதே எஸ்.பி. ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே ரிப்பேர் கடை போட்டிருக்கிற வாணியம்பாடித் தம்பி ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார். கேபினெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது: "அண்ணா, நிக்கிற லோடு வேற, துள்ளுற லோடு வேற. ஃபர்மார்க் ஒரே சீரா இழுக்கும். உங்க வேலை துள்ளுறது."

3070 சராசரியாக 220 வாட் எடுத்தாலும், வேலை சட்டென்று ஏறுகிற கணத்தில் மில்லி நொடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கை ஒட்டிக்கூட இழுத்துவிடும். பந்தியில் எல்லா இலையும் ஒரே சமயத்தில் சாம்பார் கேட்டால், வாளி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரிமாறுகிறவர் திணறுவார் இல்லையா, அதுதான். இந்தத் துள்ளல் ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற மென்பொருளில் தெரியாது, ஏனென்றால் அது இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது. என் எஸ்எம்பிஎஸ் இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு முன்னால் வடிவமைத்தது. இந்தத் துள்ளலுக்கென்று விதியே பிறகுதான் வந்தது: 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 என்ற எஸ்எம்பிஎஸ் தர விதியில், எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் 200 சதவீதம் வரை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று இருக்கிறது.

இதை உறுதி செய்ய காசே ஆகாத ஒரு வழியும் அவர் சொன்னார். கார்டின் வேகத்தையும் கரண்ட்டையும் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 60 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே காட்சியை ஓட்டுவது. ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. மறுபடி 100-க்கு ஏற்றியதும் கறுப்புத் திரை. புது கார்டு போட்டு இதே பிரச்சினையில் இருக்கிறவர்கள் டிரைவரை நோண்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கேபிளிலும் ஒரு விஷயம் இருந்தது. கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்த ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலை இருக்கும், இரண்டையும் மாட்டியிருந்தது. 8 பின் ஒன்றின் கணக்கு 150 வாட், போர்டு ஸ்லாட் தருவது 75 வாட். இரண்டு தலையின் சுமையும் ஒரே கேபிளின் மேல் விழுந்திருந்தது. தனித்தனிக் கேபிளாக மாற்றியதும் தொல்லை பாதியாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. 750 வாட் கோல்ட் தர எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கி மாட்டிய நாளோடு நின்றது. மாற்றும்போது, "பழைய கேபிள் ஒண்ணையும் விடக்கூடாது அண்ணா, புதுசோட வந்ததை மட்டும் போடுங்க" என்று தம்பி பிடிவாதமாக நின்றார். கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் கேபிள்களில் எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முனை பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பொருந்தவும் பொருந்தும். மாற்றிப் போட்டால் ஹார்டு டிஸ்க் புகைந்துவிடலாம்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாரண்டி மிச்சம் இருந்தது. சர்வீஸ் சென்டரில் சோதித்து, கோளாறு இல்லை என்று ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது அதே எஸ்எம்பிஎஸ் என் சொந்தத் தம்பி மகனின் சிஸ்டத்தில் 1660 சூப்பருடன் ஒழுங்காக ஓடுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

அப்பாடா என்று உட்கார்ந்தால், கோடை மழை வந்தது. பெங்களூரில் மழைக்கு முன் காற்று அடித்தாலே கரண்ட் போகும். முன்பெல்லாம் யுபிஎஸ் தாங்கும். இப்போது கரண்ட் போன கணமே சிஸ்டமும் போனது. இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. வீட்டில் இருந்தது 600 விஏ யுபிஎஸ், அதாவது 360 வாட். ரெண்டர் ஓடும்போது சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். 1100 விஏ, 660 வாட் ஒன்றுக்கு மாறினேன். மலிவு யுபிஎஸ்கள் பேட்டரியில் தருவது படிப்படியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள சில எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதனால் வாங்கும் முன்பே என் சிஸ்டத்தைக் கடைக்குக் கொண்டுபோய் ரெண்டர் ஓட்டிச் சோதித்தோம். நீங்கள் வீட்டில் சோதிப்பதாக இருந்தால் சுவரில் சுவிட்சை அணையுங்கள். ப்ளக்கைப் பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும்.

எர்த் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய வாடகை வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருக்கலாம். கேபினெட் ஓரத்தில் விரல் பட்டால் சுருக்கென்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி கார்டைப் பற்றி. பிரச்சினை தீர்ந்த பிறகும் ஆஃப்டர்பர்னரை எடுக்கவில்லை. கண்ட்ரோல்-எஃப் அழுத்தினால் வருகிற வோல்ட்டேஜ்-வேகக் கோட்டில் 0.9 வோல்ட்டுக்கு 1850 மெகாஹெர்ட்ஸ் என்று கட்டிப் போட்டிருக்கிறேன். 220 வாட் எடுத்த இடத்தில் 170-ஐ ஒட்டித்தான் எடுக்கிறது, ரெண்டர் நேரத்தில் வித்தியாசம் தெரியவில்லை, சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஏசி இல்லாத அறையில் மே மாதம் இது பெரிய நிம்மதி. எல்லாக் கார்டும் இதே எண்ணைத் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள். மூன்று ஃபேன் கார்டு என்பதால் நுனி தொங்க ஆரம்பித்தது. அடியில் ஒரு தாங்கு கொடுத்ததோடு சரி.

மனக்குறை என்றால் 8 ஜிபி மெமரிதான். 4கே காட்சியில் நாய்ஸ் ரிடக்‌ஷனும் இன்னும் இரண்டு எஃபெக்டும் சேர்ந்தால் ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்று ரிசால்வ் நின்றுவிடும். இது சிஸ்டத்தை அணைக்காது, செய்தி காட்டிவிட்டு அந்த வேலையை மட்டும் நிறுத்தும். ரெண்டர் கேஷ் போட்டு, அதாவது காட்சியை முன்கூட்டியே செய்து சேமித்து வைத்து, சமாளிக்கிறேன், ஆனால் கல்யாண சீசனில் கோபம் வருகிறது. 16 ஜிபி 5060 டிஐ-யின் மேல் ஒரு கண் இருக்கிறது. 180 வாட்தான், என் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தக் கார்டு போர்டோடு எட்டு லேனில் (டேட்டா போகும் பாதைகளில்) மட்டும்தான் பேசும், என் பி450 போர்டோ பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 வரைக்கும்தான். போர்டையும் சேர்த்து மாற்றுவதற்குப் பணம் சேரும் வரை 3070-தான்.