தனிம வரிசை அட்டவணை: எட்டு நிரலா, பதினெட்டா, முப்பத்திரண்டா?

எந்த வடிவத்தை எடுத்தாலும் 118 தனிமங்களும் அணு எண் வரிசையில்தான் நிற்கின்றன. அந்த வரிசையை எங்கே வெட்டி அடுத்த வரிக்கு இறக்குவது என்பதில்தான் தகராறு.

மெண்டலீவ் 1871இல் வெளியிட்ட எட்டுத் தொகுதி வடிவம் இணைதிறனை, அதாவது ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் அளவைப் பார்த்து வெட்டுகிறது. ஒவ்வொரு நிரலின் தலையிலும் ஆக்சைடு வாய்பாடு எழுதியிருக்கும். ஏழாம் தொகுதி என்றால் இரண்டு அணுவுக்கு ஏழு ஆக்சிஜன். குளோரினும் மாங்கனீசும் அங்கே ஒன்றாக இருப்பது பார்க்க விநோதம்தான். ஆனால் பெர்குளோரேட்டிலும் பெர்மாங்கனேட்டிலும் இரண்டுமே +7 நிலையில் உள்ளன. உச்ச ஆக்சிஜனேற்ற நிலையை நினைவில் வைக்க இதைவிடச் சுருக்கமான படம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் சறுக்கும். தண்ணீரில் பற்றி எரியும் சோடியத்தோடு தங்கம் ஒரே தொகுதியில் வந்துவிடும். இதைச் சமாளிக்கத் தொகுதியை ஏ (A), பி (B) என்று பிரித்தார்கள், புதுக் குழப்பம் முளைத்தது: அமெரிக்க அட்டவணையில் ஹாலஜன்கள் (குளோரின் குடும்பம்) ஏழு-ஏ, ஐரோப்பிய வழக்கில் ஏழு-பி. பழைய நூலில் இந்தக் குறியீட்டைக் கண்டால், அது எந்த வழக்கு என்று பார்க்காமல் பயன்படுத்தக்கூடாது. ஐயுபேக் (வேதியியலுக்கான சர்வதேச அமைப்பு) 1988இல் 1 முதல் 18 வரை எண் கொடுத்தது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான்.

பதினெட்டு நிரல் வடிவம் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் பின்பற்றுகிறது. எலக்ட்ரான்கள் நிற்கும் துணைக்கூடுகளின் பெயர்கள் எஸ் (s), பி (p), டி (d), எஃப் (f). வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. ஆர்செனிக்கின் அமைப்பில் ஆர்கானுக்குப் பிறகு டி-யில் 10, எஸ்-இல் 2, பி-யில் 3. கூட்டினால் 15ஆம் தொகுதி. மிக உயர்ந்த கூடு நான்கு என்பதால் நான்காம் வரிசை. பி தொகுப்பின் (பி துணைக்கூடு நிரம்பும் தனிமங்களின்) இரண்டாம், மூன்றாம் வரிசைகளில் மட்டும் டி எலக்ட்ரான் கிடையாது, அதனால் 10ஐ நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் வழுக்குவது இங்கேதான். பெரிலியத்துக்கும் (4) போரானுக்கும் (5) நடுவில் பத்து வெற்றிடம் கிடப்பதைப் பார்த்து, இன்னும் கண்டுபிடிக்காத தனிமங்கள் அங்கே இருப்பதாக நினைப்பவர்களும் உண்டு.

லாந்தனைடுகளும் ஆக்டினைடுகளும் (லாந்தனம், ஆக்டினியம் தொடங்கும் இரண்டு பட்டைகள்) கீழே தனியாகக் கிடப்பதற்கு வேதியியல் காரணம் ஏதுமில்லை, தாள் போதாமைதான். ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்தால் 18 நிரலில் ஒரு கட்டத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கிடைக்கும். அவற்றையும் உள்ளே சேர்த்த 32 நிரலில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. சுவரில் மாட்டுவதற்கு என்றால் 32 நிரலே நேர்மையானது.

பிரெஞ்சுக்காரர் சார்லஸ் ஜேனே 1928இல் தந்த இடப்படி வடிவம் எஸ் தொகுப்பை வலக்கோடிக்குத் தள்ளுகிறது. எஃப், டி, பி, எஸ் என்று இடமிருந்து வலம். வரிசைகள் 2, 2, 8, 8, 18, 18, 32, 32 என்று இரட்டை இரட்டையாக அமைகின்றன. மொத்தம் 120 இடம். ஒரே வரியில் நிரம்பும் துணைக்கூடுகள் எல்லாவற்றுக்கும் முதன்மை எண் (கூட்டின் எண்), துணை எண் (எஸ் 0, பி 1, டி 2, எஃப் 3) ஆகியவற்றின் கூட்டுத்தொகை ஒன்றே. எலக்ட்ரான் நிரப்பும் வரிசையை இதில் விரலால் தொட்டபடி வாசித்துவிடலாம். குரோமியம், தாமிரம் போன்ற விதிவிலக்குகளை மட்டும் இதுவும் காட்டாது. விலை என்னவென்றால், ஆர்கானோடு வரிசை முடிவதில்லை, பொட்டாசியமும் கால்சியமும் ஒட்டிக்கொள்கின்றன. ஹீலியம் பெரிலியத்தின் தலைமேல் உட்காருகிறது. வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான் என்பதால் இயற்பியலாளர் இதை ஏற்கலாம். எதோடும் சேராத வாயுவைக் கார மண் உலோகத்தோடு சேர்ப்பதை வேதியியலாளர் ஏற்க மாட்டார். என் வாக்கும் வேதியியலாளருக்கே.

அட்டவணை வாங்கும்போது மூன்றாம் தொகுதியில் யிட்ரியத்துக்குக் (39) கீழே பாருங்கள். 57–71 என்று இருந்தால் கீழ்ப்பட்டையில் 15 தனிமங்கள் இருக்கும். எஃப் துணைக்கூட்டில் 14 எலக்ட்ரான்களுக்கே இடம், ஆக ஒன்று அதிகம். அந்த ஒன்று லாந்தனமா லுட்டீசியமா என்பது நீண்ட வழக்கு. 2021இல் வந்த ஐயுபேக் குழுவின் இடைக்கால அறிக்கை லுட்டீசியத்தை மூன்றாம் தொகுதிக்குப் பரிந்துரைத்தது. அப்படி வைத்தால்தான் 32 நிரலில் டி தொகுப்பு இரண்டாக உடையாமல், அணு எண்ணும் குலையாமல் நிற்கும்.