கூகுளை நூலகம் என்று நம்பியவர்களுக்கு

அட்டையிலேயே ஒரு தேடல் பெட்டி. 'கறுப்பினப் பெண்கள் ஏன் இவ்வளவு' என்று பாதி தட்டியதும் கூகுள் தானாக எடுத்துக் கொடுக்கும் சொற்கள் கீழே வரிசையாக நிற்கின்றன, கோபம், சத்தம் என்று. அதைப் பார்த்துத்தான் சஃபியா நோபிளின் 'அல்காரிதம்ஸ் ஆஃப் ஆப்ரெஷன்' (ஒடுக்குமுறையின் அல்காரிதங்கள், 2018) புத்தகத்தை வாங்கினேன்.

நோபிள் விளம்பரத் துறையில் வருடக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு நூலகவியல் படித்தவர். இரண்டு பக்கமும் தெரிந்தவர் என்பது எழுத்தில் தெரிகிறது. 2011இல் தன் வீட்டுச் சிறுமிகளுக்காக 'பிளாக் கேர்ள்ஸ்' (கறுப்பினச் சிறுமிகள்) என்று அவர் கூகுளில் தேடினால் முதலில் வந்து நின்றது ஆபாசத் தளம். அடுத்த வருடமே கூகுள் அதை மாற்றிவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்பவர்களுக்குத்தான் மீதிப் புத்தகம். கூகுள் விளம்பரம் விற்கும் கம்பெனி, நாம்தான் பொது நூலகம் மாதிரி அதனிடம் போய் நிற்கிறோம் என்கிறார்.

2015இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பினத்தவர் தேவாலயம் ஒன்றில் 9 பேரைச் சுட்டுக் கொன்றவன், கறுப்பர்கள் வெள்ளையர்கள் மீது செய்யும் குற்றங்கள் என்று கூகுளில் தேடியதிலிருந்துதான் தன் வெறி தொடங்கியதாக எழுதி வைத்திருந்தான். நோபிள் அதே சொற்களைத் தானும் தட்டிப் பார்க்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நூலகங்களையும் அவர் சும்மா விடவில்லை. புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய புத்தகங்களை வகைப்படுத்த அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வைத்திருந்த 'இல்லீகல் ஏலியன்ஸ்' (சட்டவிரோத அந்நியர்கள்) என்ற பட்டியல் தலைப்பை எதிர்த்து டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் போராடி, 2016இல் நூலகமும் மாற்றுகிறேன் என்று ஒப்புக்கொண்டு, அரசியல்வாதிகள் குறுக்கே புகுந்து, கடைசியில் மாறியது இந்தப் புத்தகம் வந்தபின், 2021இல்தான். ஒரு தலைப்புக்கு இத்தனை பாடு!

குறை? இருக்கிறது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், கோட்பாட்டுப் பகுதிகளில் எனக்குத் தூக்கமே வந்தது, தேடல் படங்கள் எல்லாம் பழசு. லாப நோக்கமில்லாத பொதுத் தேடுபொறி வேண்டும் என்கிறாரே, அதை யார் காசு போட்டு யார் நடத்துவது என்று கேட்டால் உருப்படியான பதில் இல்லை.

முடிவுரையில் ஒரு பார்லர்காரம்மா பேசுகிறார். கறுப்பினப் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்பவர், கடைகளுக்கு வாடிக்கையாளர்கள் மதிப்புரை எழுதும் யெல்ப் தளம் வந்தபின் தொழில் படுத்துவிட்டது. கடைக்கு வந்ததும் 'செக்-இன்', அதாவது இங்கே இருக்கிறேன் என்று பதிவு, போடச் சொல்கிறது அந்தத் தளம். ஏற்கெனவே வேட்டையாடப்படுவதாக நினைக்கிறவர்கள், தாங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று எதற்குச் சொல்லப் போகிறார்கள் என்று கேட்கிறார். கடையில் புரட்டிப் பார்ப்பவர்கள் நேராக அந்தப் பக்கத்துக்குப் போங்கள்.