இஸ்தான்புல்லில் குங்குமப்பூ வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

15,000 ரூபாய். 20 கிராம் சாயம் போட்ட சருகுக்கு என்னிடம் வாங்கிய பணம். முந்தாநாள் ராத்திரி அதைப் பாலில் போட்டதிலிருந்து வயிறு எரிகிறது. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் வழி தெரியாமல் சுற்றவில்லை. பயணச் செயலி ஒன்றில் ‘உணவு நடை’க்குப் பணம் கட்டி, அவர்கள் அனுப்பிய வழிகாட்டியோடுதான் போனோம். முதலில் ருஸ்தம் பாஷா மசூதி. 16-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது. சுவர் முழுக்க இஸ்னிக் ஊரின் வண்ணப் பீங்கான் ஓடுகள். நீலத்துக்கு நடுவே அந்தத் தக்காளிச் சிவப்பு மட்டும் லேசாகப் புடைத்து நிற்கும், பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். அதைக் காட்டிக் கொடுத்தவரே அந்த வழிகாட்டிதான். விஷயம் தெரிந்த மனுஷன் என்று எங்களுக்கு நம்பிக்கை விழுந்தது அங்கேதான்.

பக்கத்திலேயே எகிப்தியச் சந்தை என்கிற மசாலாச் சந்தை. புது மசூதியின் செலவுக்கு வாடகை வரட்டும் என்று 1660-களில் கட்டியது. உள்ளே கால் வைத்ததுமே சுமாக் என்கிற சிவப்புப் பொடியின் புளிப்பு, காய்ந்த புதினா, ஊர்ஃபா மிளகாயின் புகை வாசம். கத்தரிக்காயைக் குடைந்து காயவைத்துச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெண்டைக்காய் வத்தல், ஒவ்வொன்றும் விரல் நுனி அளவுதான், அதையும் நூலில் கோத்திருக்கிறார்கள். நம் வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சந்தையை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் ஒரு கடை மேல், எங்களை நேராக அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தவர்கள் மேல்.

மாதுளை டீ வந்தது. பிஸ்தா வைத்த லோகும் என்கிற துருக்கி மிட்டாயும் வந்தது. அப்புறம் கடைக்காரர் ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியைத் திறந்தார். கருஞ்சிவப்பு இழைகள், நுனி மட்டும் ஊதுகுழல் வாய் போல விரிந்திருந்தது. ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது, இழை சிவப்பாகவே இருந்தது. ஒன்றை என் நாக்கில் வைத்தார். வாசம் தேன், ருசி கசப்பு. அசல் குங்குமப்பூ அப்படித்தான் இருக்கும். ஒரு பூவுக்கு மூன்றே இழை, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூ வேண்டும். 20 கிராம் 150 யூரோ என்றபோது நியாயமான விலையாகத்தான் தெரிந்தது. தங்கைக்கு இது ஆறாம் மாதம். அவளுக்காகத்தான் வாங்கினேன். “விமானத்தில் ஈரம் ஏறாது” என்று சொல்லி உள்ளே கொண்டுபோய், காற்றை உறிஞ்சி சீல் வைத்த பாக்கெட்டாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

வீட்டில் பிரித்தேன். வாசமே இல்லை. பாலில் போட்ட நொடியில் ஆரஞ்சாகக் கலங்கியது, கொஞ்ச நேரத்தில் இழை வெளுத்துப் போய் மிதந்தது. நல்லவேளை, தங்கை கையில் டம்ளரைக் கொடுக்கவில்லை. என்ன சாயமோ! கர்ப்பிணிக்கு என்று சொல்லித்தானே வாங்கினேன்? அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு எப்படி மனசு வந்தது?

கடையின் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். “பால் சூடு அதிகம், நண்பரே” என்றார்கள். ஆறிய தண்ணீரில் போட்டதை அனுப்பினேன். “இது துருக்கி வகை, அப்படித்தான்.” அப்புறம் நீல டிக் மட்டும். செயலிக்காரர்களோ, நடையில் வாங்கும் பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். கூட்டிப்போனது யார்? அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம். பின் நம்பர் போட்டது நீங்கள்தானே, ஒன்றும் செய்ய முடியாது என்று வங்கியும் கைவிரித்துவிட்டது. ரசீதைப் பார்த்தால் ‘மசாலா’ என்று மட்டும் இருக்கிறது, குங்குமப்பூ என்ற பேச்சே இல்லை.

சரி, சொன்னபடி: ஜாடியில் காட்டியதையே உங்கள் கண் முன்னால் நிறுத்துக் கட்டச் சொல்லுங்கள். கட்டிய பாக்கெட்டிலிருந்தே ஓர் இழையைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். ‘துருக்கிக் குங்குமப்பூ’ என்று மலிவாகக் குவித்திருக்கும் ஆரஞ்சு இதழ் குசும்பாப் பூ, அது வேறு. ரசீதில் பொருளின் பெயரும் எடையும் இல்லாமல் கார்டை நீட்டாதீர்கள். இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை.

கூப்பன் வேண்டாம், என் 15,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று செயலிக்காரர்களுக்கு இப்போதுதான் மறுபடியும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.