செக் திரும்பினால் 'வசூல் நிறுவனம்' பக்கம் போகாதீர்கள்

கொடுத்த கடனைச் சட்டப்படி வசூலித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனம் என்னை எப்படி ஏமாற்றியது என்று எழுதுகிறேன். கையில் திரும்பி வந்த செக்கோடு நிற்பவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

தெரிந்தவருக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்திருந்தேன். கடனைத் திருப்பித் தருவதாக அவர் எழுதிக் கொடுத்த புரோநோட்டு இருந்தது. பிறகு அவர் கொடுத்த செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பியது. அந்த நிறுவனத்தில் பேசியவர் அவ்வளவு நம்பிக்கையாகப் பேசினார். முன்பணம் கட்டுங்கள், வசூலானதும் அதில் சதவீதம் கொடுங்கள், மற்றதை எங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றார். அசல் செக்கையும் செக் திரும்பியதற்கு வங்கி கொடுத்த சீட்டான ரிட்டர்ன் மெமோவையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்புறம் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "நோட்டீஸ் போயாச்சு சார், ஆள் பயந்துட்டான்." நகல் கேட்டால் மட்டும் நாளை, நாளை மறுநாள். கடைசியில் நேரில் போய் உட்கார்ந்து வாங்கினேன். தபால் ரசீதில் இருந்த தேதியைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

பணமில்லாமல் செக் திரும்பினால் வழக்குப் போட வழி செய்யும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் எல்லாமே நாள் கணக்குதான். செக் திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீசுக்கு அந்தச் சலுகை கிடையாது. என் நோட்டீஸ் போனது 30 நாள் தாண்டி.

அது மட்டுமா? செக் தொகையைத் தனியாகக் குறிப்பிடாமல் வட்டி, 'சேவைக் கட்டணம்' எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டிருந்தார்கள். காலத்தில் போயிருந்தாலும் அந்த நோட்டீஸ் நின்றிருக்காது. அதில் வக்கீல் கையெழுத்தும் இல்லை. நிறுவனத்தின் லெட்டர்பேடில் தராசு ஏந்திய நீதிதேவதை படம்தான் பெரிதாக இருந்தது.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 30 நாள் தவறிப்போனாலும், செக் தேதியிலிருந்து 3 மாதம் முடியாதவரை அதை மறுபடி வங்கியில் போடலாம். திரும்பி வந்தால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம். என் செக்கோ அவர்கள் பீரோவில் கிடந்தே காலாவதியாகிவிட்டது. இதை எனக்குச் சொன்னவர் பிறகு நான் பார்த்த வக்கீல். பெருமூச்சு விட்டுக்கொண்டே சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்று: வசூலாகும் பணத்தில் பங்கு பேசி வழக்கை எடுக்க வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் வக்கீலை அனுமதிப்பதில்லை. ஆகவே யாராவது சதவீதம் பேசினால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

இப்போது புரோநோட்டை வைத்து சிவில் வழக்குப் போட்டிருக்கிறேன். கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான் கெடு. அதற்குள் கடன் வாங்கியவர் கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். நல்லவேளை, எனக்கு இன்னும் காலம் இருந்தது. நிறுவனத்தின் மீது நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அசல் செக்கை யாரிடம் கொடுத்தாலும் அவருடைய பார் கவுன்சில் பதிவு எண்ணையும், செக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தையும் வாங்குங்கள். நோட்டீஸ் போன அன்றே அதன் நகலையும் தபால் ரசீதையும் கேட்டு வாங்கி, தேதியை நீங்களே சரிபாருங்கள்.