'நொதித்த தீவனம்' மூடை வாங்க முதல் இதை வாசியுங்கோ

'நொதித்த தவிடு, புரதம் 28 சதவீதம்' என்று யாழ்ப்பாணத்தில் கோப்பாய், நீர்வேலிப் பக்கம் வான் வண்டியில் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு விற்கிறார்கள். ஆடு மாடு வைத்திருக்கிற ஆக்கள் கவனம். புண்ணாக்கு விற்கிற விலைக்கு நானும் ஆசைப்பட்டு வாங்கினேன்.

நொதிக்க வைப்பது பொய் வித்தை இல்லை. லாக்டிக் அமில பக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒழுங்காக வேலை செய்தால், தவிட்டில் கட்டுண்டு கிடக்கிற பொஸ்பரசு கொஞ்சம் விடுபடும், புளிப்பு ஏறுவதால் கெட்ட கிருமி அடங்கும், ஆடு மாடும் விரும்பித் தின்னும். ஆனால் 12, 13 சதவீதப் புரதமுள்ள தவிட்டை ஈஸ்ட் போட்ட மாத்திரத்தில் 28 ஆக்க ஏலாது. மாச்சத்தில் ஒரு பங்கு காற்றாய்ப் போவதால் மிஞ்சினதில் புரத வீதம் சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

பிறகு அந்த 28 எங்கிருந்து வந்தது? விற்றவர் ஆய்வுகூடத் தாள் ஒன்றும் காட்டினார். தாள் உண்மையானதாகவே இருக்கலாம். வழமையான சோதனையில் புரதத்தை நேராக அளப்பதில்லை; நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்குவார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஆக 1 கிலோ யூரியா கலந்தால் தாளில் ஏறக்குறைய 2.9 கிலோ புரதம் மாதிரி விழும். தோட்டத்துக்குப் போடுகிற அதே யூரியாதான்.

மூடையைப் பிரித்ததும் மூக்கைப் பிடித்தது. நல்லாய் நொதித்தது என்றால் தோசைக்குப் புளித்த மா மாதிரி மணக்க வேண்டும். இது கண்ணில் தண்ணி வரவைக்கிற அமோனியா. கேட்டதற்கு, "அண்ணை, மணக்குதுதானே, அதுதான் நொதிக்கிறதுக்கு அடையாளம்" என்றார். அன்று பின்னேரமே ஒரு மறி ஆட்டுக்கு வயிறு ஊதி, வாயில் நுரை தள்ளி, கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. கால்நடை வைத்தியர் வந்து பார்த்த உடனேயே யூரியா நஞ்சாக இருக்கும் என்று சொல்லி, வினாகிரியைக் குளிர்ந்த தண்ணியில் கலந்து பருக்கினார். ஆடு தப்பிவிட்டது. மாட்டுக்கு யூரியாவை அளந்து, பழக்கிப் பழக்கிக் கொடுப்பதுண்டு. இரைப்பை வளராத கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. கோழிக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்த மனிசன் கோழிக்காரருக்கும் விற்றிருக்கிறார்!

அதைவிடப் பெரிய களவு தண்ணி. ஒரு கிலோவைத் தகரத்தில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து நிறுத்தேன். 400 கிராமுக்கும் கீழே. அதை வாளித் தண்ணியில் கொட்டிக் கிளறினால் மேலே மிதந்தது முழுக்க உமி. காய்ந்த நிறைக்கு விலையைப் பிரித்துப் பார்த்தால் தேங்காய்ப் புண்ணாக்கே மலிவு. ஈரமாக விற்கிற எந்தத் தீவனத்துக்கும், சைலேஜ் (காற்றுப் புகாமல் புளிக்க வைத்த பசும்புல்) உட்பட, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த கட்டிகளும் கிடந்தன. "நொதிச்சால் பூஞ்சண நஞ்சு செத்துப்போம்" என்று ஒரு விளக்கம் வேறு. அப்படி நம்பிக் கொடுக்காதேயுங்கோ; அஃப்ளாடொக்சின் என்கிற பூஞ்சண நஞ்சு கறவை மாட்டின் பாலுக்குள்ளும் வரும்.

பற்றுச்சீட்டுக் கேட்டபோது அடுத்த முறை தருகிறேன் என்றார். இப்போது தொலைபேசி வேலை செய்வதில்லை. இதை வாங்கி வைத்திருக்கிற ஆக்கள் குப்பையில் கொட்டிவிடாதேயுங்கோ. காற்றுப் புகாத போத்தலில் கொஞ்சம் எடுத்து, மூடையில் ஒட்டியிருக்கிற தாளையும் சேர்த்து, உங்கள் பகுதி கால்நடை வைத்தியரிடம் கொடுங்கோ. யூரியா இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ; வெறும் புரதச் சோதனை செய்தால் விற்றவர் சொன்ன 28 தான் திரும்ப வரும்.