காரைக்குடியில் ஒரு விசா ஆலோசனை நிலையம்: கொடுத்த பணத்துக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

காரைக்குடி செக்காலை சாலையில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இயங்கும் விசா ஆலோசனை நிலையம் ஒன்றுக்கு 2025 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை வாடிக்கையாளராகப் போய்வந்தேன். ‘தொழில்நுட்ப நிறுவனர்களுக்கான புத்தாக்க விசா, முழுப் பொறுப்பும் எங்களுடையது’ என்று மாடிப்படியின் ஓரத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். இதே வாசகத்தோடு இதே சேவை மதுரையிலும் திருச்சியிலும் விற்கப்படுவதால், நிலையத்தின் பெயரைச் சொல்லாமலேயே எழுதுகிறேன். எந்த மாடிப்படியில் ஏறுபவருக்கும் இது பயன்படலாம்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் என் குறைகளும் பாராட்டுகளும் விளங்காது. நான் இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் பி.டெக் படித்தவள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்த நிறுவனம் அது. மின் ஆட்டோக்களில் இருக்கும் லித்தியம் பேட்டரியின் அகமின்தடையை அளந்து, அது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் சிறு கருவியையும் அதற்கான மென்பொருளையும் உருவாக்கியிருக்கிறேன். காரைக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் இடையே ஓடும் 41 ஆட்டோக்களில் பதினான்கு மாதங்கள் அளவெடுத்த பதிவுகள் கையில் இருந்தன. அடுத்த கட்டத்தை வெளிநாட்டில் தொடங்கலாமா என்ற கேள்வியோடுதான் படியேறினேன். லிஃப்ட் கிடையாது; பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

முதல் ஆலோசனைக்கு 2,000 ரூபாய். ஒரு மணி நேரம் என்று சொல்லி நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை உறுத்தியது அவர்கள் கையில் கொடுத்த விளக்கத் தாள். பிரிட்டனில் புத்தாக்க விசா பெற 50,000 பவுண்டு முதலீடு காட்ட வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. அந்த நிபந்தனை 2023 ஏப்ரல் 13 அன்று, பழைய விசாக்களின் இடத்தில் ‘இன்னோவேட்டர் ஃபவுண்டர்’ விசா வந்தபோதே நீங்கிவிட்டது. ஆஸ்திரேலியப் பகுதியிலோ, 2024 ஜூலையில் மூடப்பட்ட 188 என்னும் தொழில் முதலீட்டு விசாவுக்கு ‘இடங்கள் விரைவில் நிரம்பும்’ என்று போட்டிருந்தது. மூடிய கதவுக்கு முன்னால் வரிசையில் நிற்கச் சொல்லும் தாளைச் சுட்டிக்காட்டியபோது, “அது பழைய ஸ்டாக் ஆச்சி, அச்சடிச்சது மிச்சம் இருந்துச்சு” என்றார் உரிமையாளர். மிச்சம் இருந்ததைக் கடையில் வைக்காமல் எடைக்குப் போட்டிருக்கலாம்.

இப்போது நடப்பில் இருக்கும் பிரிட்டன் விசாவின் உள்ளமைப்பை அந்த நாற்பது நிமிடத்தில் அவர்கள் சொல்லவில்லை. நானே அந்நாட்டு அரசின் இணையதளத்தில் உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். விசா கொடுப்பது உள்துறை என்றாலும், உங்கள் தொழிலின் தகுதியை முதலில் எடைபோடுவது உள்துறை அங்கீகரித்த ஒரு சில பரிந்துரை நிறுவனங்கள். அவை மூன்று கேள்விகளைக் கேட்கின்றன. தொழில் புதுமையானதா, அதாவது சந்தையில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து உண்மையாகவே வேறுபட்ட அசல் திட்டமா. அதை நடத்தும் அறிவும் அனுபவமும் உங்களிடம் இருப்பதால் அது நடைமுறைக்கு ஒத்துவருமா. வேலைவாய்ப்பை உருவாக்கி உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வளரக்கூடியதா. மூன்றுக்கும் ஆம் என்று அவர்கள் தரும் கடிதம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. கடிதம் வந்து மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பித்துவிடவும் வேண்டும். இவற்றோடு ஆங்கிலம் பி2 எனப்படும் மேல் இடைநிலையில் இருக்க வேண்டும், கைச்செலவுக்கென 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றில் முதலாவதுதான் நிலையத்துக்கும் எனக்கும் இடையே பிணக்கை உண்டாக்கியது. திட்டத்தில் உள்ள கருத்துகளை விண்ணப்பதாரரே உருவாக்கியிருக்க வேண்டும், அல்லது அவற்றுக்குக் குறிப்பிடத்தக்க பங்களித்திருக்க வேண்டும் என்பதும், தொழிலின் அன்றாட நடத்தையில் அவர் நேரடியாக ஈடுபட வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கின்றன. நிலையமோ 4,25,000 ரூபாய்க்கு ஒரு ‘முழுத் தொகுப்பு’ விற்கிறது. அதன் முதல் பொருள் ஆயத்தமாக எழுதிய தொழில் திட்டம். அரசுக் கட்டணங்கள் அதில் சேராது என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. 30,000 ரூபாய் முன்பணம் கட்டிய பத்தாம் நாள், எனக்காக எழுதியதாக 36 பக்கத் திட்டம் ஒன்றை அனுப்பினார்கள். முன்பாதியில் பேட்டரி என்று இருந்தது. பதினான்காம் பக்கத்தில், ‘எங்கள் செயலியின் வழியாக அழகு நிலையங்களில் முன்பதிவு செய்யும் வாடிக்கையாளர்கள்’ என்று தொடங்கிய பத்தியைப் படித்தபோதுதான், வேறொருவருடைய திட்டத்தில் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. என் லித்தியம் பேட்டரிக்குப் புருவம் திருத்தும் யோசனை எனக்கு வந்ததே இல்லை.

சிரித்துவிட்டு விடக்கூடிய தவறு அன்று இது. அந்தத் திட்டத்தை அப்படியே அனுப்பியிருந்தால், அது எனக்குச் சொந்தமானதன்று என்பதற்கு நானே கையெழுத்திட்டுச் சாட்சி கொடுத்ததாக ஆகியிருக்கும். அந்த அழகு நிலையச் செயலிக்காரருக்கும் இதே தொகையைப் பேசித்தான் எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது அவருக்காகவும் வருத்தமாக இருந்தது. தொகுப்பு வேண்டாம், ஆவணச் சரிபார்ப்பு மட்டும் போதும் என்று அன்றே எழுதிக்கொடுத்தேன். அதற்கு 18,000 ரூபாய் என்று முடிவானது.

ஆஸ்திரேலியா பற்றி உரிமையாளர் சொன்னதும் இதே ரகம். 2024 டிசம்பரில் பழைய உலகத் திறனாளர் விசாவின் இடத்தில் வந்த தேசியப் புத்தாக்க விசா, 858 என்ற எண்ணுடையது. கிடைத்தால் முதல் நாளிலிருந்தே நிரந்தரக் குடியிருப்பு என்பதால் நம் பிள்ளைகளுக்கு அதன்மேல் கண். ஆனால் அதற்கு நேராக விண்ணப்பிக்க முடியாது. முதலில் விருப்பத் தெரிவிப்பு ஒன்றை இணையத்தில் அனுப்ப வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுகள் செல்லும். அழைப்பு வந்தால் மட்டுமே, 60 நாட்களுக்குள், ஏறத்தாழ 5,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டி விண்ணப்பிக்கலாம். அழைப்பு வராமலேயும் போகலாம். உலக அளவில் தம் துறையின் உச்ச விருதுகளைப் பெற்றவர்களுக்கு முதல் முன்னுரிமை, அந்நாட்டு மத்திய, மாநில அரசு அமைப்புகளால் முன்மொழியப்பட்டவர்களுக்கு அடுத்தது, அதற்குப் பிறகு முக்கியத் தொழில்நுட்பங்கள், மருத்துவத் துறை, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆகியவற்றில் தனித்த சாதனை உடையவர்கள் என்று வரிசை போகிறது. பேட்டரி என்பதால் துறை எனக்குப் பொருந்தும்; சாதனை பொருந்துமா என்பதுதான் கேள்வி. வருமானத்தை ஓர் அளவுகோலாக வைத்து அவர்கள் பார்க்கும் உயர் வருவாய் வரம்பு 2025 ஜூலை முதல் ஆண்டுக்கு 1,83,100 டாலர். நான் எனக்கே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் மாதம் 40,000 ரூபாய். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகும், “ஆஸ்திரேலியா உறுதி ஆச்சி, முன்மொழியிற ஆளையும் நாங்களே ஏற்பாடு பண்ணித் தருவோம்” என்றார். விண்ணப்பதாரரின் சாதனைக்குச் சான்று சொல்லி முன்மொழிபவர், அதே துறையில் தேசிய அளவில் பெயர் பெற்ற, அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவராகவோ அத்தகைய அமைப்பாகவோ இருக்க வேண்டும். என் வேலையை அறியாத ஒருவரை, தொகுப்போடு இலவச இணைப்பாக எப்படித் தருவார்கள் என்று கேட்டதற்கு விடை வரவில்லை. ஆஸ்திரேலியாவுக்கான முகவர்கள் அந்நாட்டுப் பதிவு எண் வைத்திருந்தால் அதை இணையத்தில் சரிபார்க்கலாம். இங்கே கேட்டேன், அதற்கும் விடையில்லை.

என் கருவியின் காப்புரிமைக்கு முதல் படியாக, சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்திருக்கிறேன்; தனிநபருக்கும் புத்தொழில் நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பன்னிரண்டு மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். அந்த முழு விவரக்குறிப்பும் ஒரு முதலீட்டாளரும் கைவந்த பிறகு ஆஸ்திரேலியாவை யோசிக்கலாம் என்று அந்தக் கோப்பை மூடி வைத்தேன். இது நிலையம் சொன்ன யோசனை அன்று.

இனி, 18,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட வீண் என்று சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். உள்ளறையில் ஆவணங்களைப் பார்க்கும் ஓர் அக்கா இருக்கிறார்; தேவகோட்டையிலிருந்து தினமும் பேருந்தில் வருபவர். என் கடவுச்சீட்டையும் பட்டச் சான்றிதழையும் வங்கிப் புத்தகத்தையும் வரிசையாக மேசையில் பரப்பி, ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, “நீங்க மூணு ஆளா இருக்கீங்களே” என்றார். பட்டத்தில் என் பெயருக்கு முன் ஒரே எழுத்தில் இனிஷியல். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். வங்கியில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். நம்மூரில் யாருக்கும் இது தொல்லையாகத் தோன்றாது. குடும்பப் பெயர் என்ற வழக்கம் உள்ள நாட்டின் அதிகாரிக்கோ இவை மூன்று வெவ்வேறு பெண்கள். வங்கிக் கணக்கின் பெயரைக் கடவுச்சீட்டோடு ஒத்துப்போக மாற்றவும், பட்டத்துக்காக நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுக்கவும் அவர்தான் வழி சொன்னார். அந்த மாற்றம் முடிந்த பிறகே 1,270 பவுண்டுக்கு ஈடான தொகையைப் போடச் சொன்னார். 28 நாட்களின் கடைசி நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும் என்பதை ஒரு நாட்காட்டித் தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். இடையில் ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும் என்பதால், கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கச் சொன்னார். இந்தியாவில் ஆங்கில வழியில் படித்த பட்டத்தை மொழித் தகுதிக்குக் காட்ட வேண்டுமானால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் பிரிட்டனின் எக்டிஸ் அமைப்பின் உறுதிச்சான்று வேண்டும், அதற்குக் காத்திருப்பதா தேர்வு எழுதுவதா என்பதையும் தேதிகளை வைத்தே விளக்கினார். காசநோய்ப் பரிசோதனையையும் கைரேகைப் பதிவையும் ஒரே சென்னைப் பயணத்தில் முடித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கைத் திருத்தியவரும் அவரே: பரிசோதனைச் சான்று விண்ணப்பத்தோடு போக வேண்டியது, கைரேகை விண்ணப்பத்துக்குப் பிந்தியது. ஆகவே விடியற்காலைப் பல்லவன் ரயிலில் இரண்டு முறை.

செலவைப் பற்றி உரிமையாளர் சொல்லாததையும் அந்த அக்காவே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். பரிந்துரை நிறுவனத்தின் மதிப்பீட்டுக்கு 1,000 பவுண்டு. விசா கிடைத்தபின் 12ஆம் மாதத்திலும் 24ஆம் மாதத்திலும் அவர்களைச் சந்தித்துத் தொழிலின் நிலையைக் காட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 500. மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் மூன்றாண்டுக்கு 3,105. விசாக் கட்டணம் 1,200க்கு மேல். கூட்டினால் ஏழு லட்சம் ரூபாயைத் தாண்டும். தொகுப்பின் நாலேகால் லட்சத்தையும் சேர்த்துப் பார்த்தால் பதினோரு லட்சம் கடந்துவிடும்.

அந்த 12ஆம், 24ஆம் மாதச் சந்திப்பைக் கேட்டபோது, செட்டியார்களின் வட்டிக்கடைகள் நடந்த ரங்கூன் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்த என் அப்பத்தாவின் தகப்பனார் நினைவுக்கு வந்தார். சம்பளச்சீட்டு எழுதிக் கப்பலேறி, மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஐந்தொகை என்னும் மொத்தக் கணக்கறிக்கையை முதலாளி முன் வைத்து ஒப்புவித்த தலைமுறை அது. இந்த விசாவும் மூன்றாண்டுதான். அதன் முடிவில் அங்கேயே நிரந்தரமாகத் தங்க விரும்பினால் புதிய பரிந்துரை வேண்டும். 50,000 பவுண்டு தொழிலில் போட்டது, உள்ளூர்வாசிகள் பத்துப் பேருக்கு முழுநேர வேலை கொடுத்தது போன்ற ஏழு அளவுகோல்களில் இரண்டையாவது எட்டியிருக்க வேண்டும். வீட்டில் சொன்னால் ஐந்தொகை என்று உடனே புரிந்துகொள்கிறார்கள்.

திட்டத்தை நானே எழுதினேன். மொத்தம் பதினொரு பக்கம்தான் வந்தது. பரிந்துரை நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பினேன்; அவர்கள் காணொலி வழியாக ஒரு மணி நேரம் என்னோடு பேசினார்கள். அவர்கள் கேட்டதில் பெரும்பகுதி ஆட்டோக்களைப் பற்றியது. வெயில் கூடும்போது அளவு எப்படி மாறுகிறது, கணக்கிடும் நிரலை எழுதியது யார், பிழையான முன்கணிப்பு எத்தனை, குளிர் நாட்டில் இதே முறை செல்லுமா என்றெல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு எனக்கு முழு விடை தெரியவில்லை. தெரியாததைச் சோதிக்கவே அங்கு வருகிறேன் என்று திட்டத்தில் எழுதியிருந்ததைக் காட்டினேன். டிசம்பர் இரண்டாம் வாரம் பரிந்துரைக் கடிதம் வந்தது. ஆயத்தத் திட்டத்தை வைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

நட்சத்திரம் போட்டே ஆக வேண்டும் என்றால், உள்ளறைக்கு ஐந்து, முன்னறைக்கு ஒன்று. சராசரி எடுக்க மாட்டேன். ஆவணச் சரிபார்ப்புக்கு மட்டும் போகிறவர்கள், பணம் கட்டுமுன் அந்த அக்கா அன்று வந்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளவும். செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. தொழில் திட்டம், முன்மொழிபவர், ‘உறுதி’ ஆகிய மூன்றையும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

முன்பணத்தில் மீதமிருந்த 12,000 ரூபாயை ஏழு வாரம் அலைந்த பிறகு காசோலையாகக் கொடுத்தார் உரிமையாளர். வங்கி அதைத் திருப்பிவிட்டது. என் பெயரைப் பழையபடி இனிஷியலோடு எழுதியிருந்தார். உள்ளறை அக்காவிடம் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு, முன்னறைக்குப் போய் வேறு காசோலை எழுதி வாங்கி வந்தார்.