ஸூம், வினாத்தாள், விடைத்தாள்: மூன்றையும் தாங்கும் டேப் எது?

திருகோணமலை உவர்மலையில் வீட்டில் இருந்தபடியே ஸூமில் உயர்தர இணைந்த கணித வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று பரந்து கிடக்கிறார்கள். போன வருஷம் வரை 3 ஜிபி ரேம் (திறந்த செயலிகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) உள்ள ஒரு பழைய டேப், பெயர் வேண்டாம். ஒருநாள் தொகையீட்டுக் கணக்கு பாதியில் நிற்க, விடையைப் பார்க்க பிடிஎஃப்புக்குப் போய்த் திரும்பினேன், எழுதிய பக்கத்தைக் காணோம், வட்டம்தான் சுற்றுகிறது. "சேர், உங்கட ஸ்கிரீன் வெள்ளையா கிடக்கு" என்றது ஒரு பிள்ளை. அன்றைக்கே புது டேப் தேடத் தொடங்கினேன்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு: சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்இ, அப்புறம் 2025இல் வந்த ஏ16 சிப் ஐபேட். வாங்கியது சாம்சங், அதிலும் 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு உள்ளது. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது தெரிந்ததே.

திரை இரண்டிலும் கிட்டத்தட்ட 11 அங்குலம், போதும். சிப்பின் வேகத்தை மட்டும் பார்த்தால் ஐபேடின் ஏ16, சாம்சங்கில் உள்ள எக்ஸினோஸ் 1380ஐ மிஞ்சும். பேனா சாம்சங் பெட்டிக்குள்ளேயே வருகிறது, ஐபேடுக்குத் தனிக் காசு. புரொஜெக்டருக்கு வயர் செருகிப் படம் காட்ட வேண்டுமென்றால் ஐபேட்தான், எஸ்9 எஃப்இயின் யுஎஸ்பி வழியாகப் படம் வெளியே போகாது.

பல செயலிகளை ஒரே திரையில் வைப்பதற்கு சாம்சங்கில் மூன்றாகப் பிரிக்கலாம், நாலாவதை மிதக்கும் சிறு சாளரமாக விடலாம். வழக்கமாகச் சேர்ந்து திறக்கும் இரண்டை ஜோடியாகச் சேமித்து வைத்தால் ஒரே தட்டில் இரண்டும் வந்துவிடும், இதை நான் தினமும் பயன்படுத்துகிறேன். மூன்றாகப் பிரித்தால் எழுத்து எறும்பு சைஸ் ஆகிவிடும், அது வேறு கதை. ஐபேடிலும் அதன் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 26 வந்த பிறகு கணினி மாதிரியே சாளரங்களை இழுத்து அளவு மாற்றலாம். தங்கச்சியின் ஐபேடை இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதில் முழு வகுப்பு எடுத்ததில்லை.

ஆனால் என் பிரச்சினை செயலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் இல்லை. ஸூமில் முழுத் திரையையும் பகிர்ந்தால் அதில் உள்ளது எல்லாமே பிள்ளைகளுக்குத் தெரியும், ஆகவே விடைத்தாளைப் பிரித்த திரையில் வைக்க முடியாது. பகிர்வை நிறுத்தி, பின்னால் கிடக்கும் விடைத்தாளைப் பார்த்து, திரும்பி வந்து தொடர வேண்டும். திரும்பி வரும்போது விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே நிற்கிறதா என்பதில்தான் தீர்ப்பு, அதை முடிவு செய்வது பெரும்பாலும் ரேம். இடம் நிறைந்ததும் பின்னால் உள்ள செயலிகளைச் சிஸ்டமே மூடிவிடும், மறுபடி திறந்தால் முதலில் இருந்து தொடங்கும்.

எஸ்9 எஃப்இ 6 ஜிபியிலும் இருக்கிறது. மெமரி கார்டு போட்டுச் சேமிப்பை எப்போதும் கூட்டலாம், ரேமைக் கூட்டவே முடியாது, அதனால் கொஞ்சம் கூடக் கொடுத்து 8 ஜிபி எடுத்தேன். விளம்பரத்தில் ரேம் 8+8 என்று கண்டால் மயங்க வேண்டாம், இரண்டாவது 8 சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது, நிஜ ரேம் போல வேகமில்லை. அந்தக் கடன் வசதியும் ஐபேடில் எம் வரிசை சிப் (எம்1, எம்2 போன்றவை) உள்ளவற்றில்தான், ஏ16இல் இருப்பது வெறும் 6 ஜிபி, பெட்டியில் அதைப் போடுவதுமில்லை. நியாயத்துக்குச் சொல்கிறேன், பின்னால் உள்ள செயலிகளை ஐபேட் உறைய வைத்துவிடுவதால் குறைந்த ரேமிலேயே நன்றாகச் சமாளிக்கிறது. இரண்டு செயலிக்கு வித்தியாசமே தெரியாது. ஐந்தாறு என்றால் நான் சாம்சங் பக்கம்.

சாம்சங் எடுத்தால் இன்னொன்று செய்யுங்கள்: அண்மைச் செயலிகள் பட்டியலில் விடைத்தாள் செயலியின் ஐகானைத் தட்டி, திறந்தே வைக்கும் தெரிவை அழுத்துங்கள்.

கடைக்குப் போனால் நூறு பக்க பிடிஎஃப் ஒன்றில் 40ஆம் பக்கத்தைத் திறந்து வையுங்கள். அப்புறம் குரோமில் நாலு தளம், யூடியூப், கடைசியில் கமெரா (அதுதான் ரேமை அதிகம் விழுங்கும்) என்று வரிசையாகத் திறந்துவிட்டு பிடிஎஃப்புக்குத் திரும்புங்கள். 40 அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.